ஆசிரியர்களை உருவாக்கிய ஆசிரியை

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க விரும்பும் ஒருவருக்கு வழி தெளிவாக இருக்கிறது. அதற்கெனப் பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. கற்பித்தல் முறை, குழந்தை உளவியல், செய்முறைப் பயிற்சி என்று படிப்படியாக அவரை உருவாக்குகிறார்கள். ஆனால், பள்ளிப் பருவத்தைக் கடந்தவர்களுக்குக் கற்பிப்பவர்களின் நிலை என்ன? மாலை வகுப்பில் மின்கம்பி இணைக்கச் சொல்லித்தரும் மின்பணியாளர், தையல் கற்றுத்தரும் அம்மா, கணக்கியல் நடத்தும் கணக்காளர் ஆகியோரில் பெரும்பாலோர் தம் தொழிலை நன்கு அறிந்தவர்கள். கற்பிக்கும் கலையைத் தனியே கற்றவர்கள் அல்லர்.

நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். பட்டப்படிப்பை முடித்துச் சில ஆண்டுகள் வேலை பார்த்தபின், கைத்தொழில் கற்பிக்கும் நிலையம் ஒன்றில் மாலை வகுப்பு எடுக்கத் தொடங்கினேன். என் மாணவர்களில் பாதிப் பேர் என்னைவிட வயதில் மூத்தவர்கள். வேலை முடிந்து களைப்போடு வந்து உட்காருபவர்கள். அவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்று தேடிக்கொண்டிருந்த வேளையில்தான், பயிற்றுநர்களுக்கான ஒரு பட்டறையில் செப்டிமா பொயின்செட் கிளார்க் என்ற பெயரைக் கேட்டேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் என்றதும் மார்ட்டின் லூதர் கிங்கும் ரோசா பார்க்சும் நம் நினைவுக்கு வருகிறார்கள். அந்தப் போராட்டத்திற்கு அடித்தளமாக இருந்த ஆயிரக்கணக்கான மாலை வகுப்பு ஆசிரியர்களை உருவாக்கியவரை நம்மில் பலர் அறிவதில்லை. அவருடைய வாழ்க்கையை நம் மன்றத்து நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

செப்டிமா 1898 ஆம் ஆண்டு மே 3 ஆம் நாள், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள சார்ல்ஸ்டன் துறைமுக நகரில் பிறந்தார். தந்தை பீட்டர் பொயின்செட் அடிமையாகப் பிறந்தவர். தாயார் விக்டோரியா சார்ல்ஸ்டனில் பிறந்து ஹைட்டி நாட்டில் வளர்ந்தவர். மற்றவர் துணிகளை வெளுத்துக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கியவர். எட்டுப் பிள்ளைகளில் செப்டிமா இரண்டாமவர்.

கறுப்பினப் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி கிடைப்பதே அரிதான காலம் அது. ஏவரி நார்மல் கல்வி நிலையத்தில் அவர் பயின்றார். அடிமை முறை ஒழிந்த 1865 ஆம் ஆண்டிலேயே கிறிஸ்தவ சமயத் தொண்டர் சங்கம் ஒன்று தொடங்கிய நிலையம் அது. அங்கே ஆசிரியர் பயிற்சியும் வழங்கப்பட்டது. 1916 இல் படிப்பை முடித்தபோது, பல்கலைக்கழகம் செல்ல வேண்டும் என்ற ஆசை இருந்தது. வீட்டில் பணம் இல்லை. 18 வயதில் வேலை தேடினார். சார்ல்ஸ்டன் நகரின் அரசுப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களைச் சேர்ப்பதில்லை. கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலும் வெள்ளையர்களே கற்பித்தனர். எனவே, நகருக்கு வெளியே, பாலம்கூட இல்லாத ஜான்ஸ் தீவுக்குப் படகேறினார்.

இரண்டு ஆசிரியர், 132 மாணவர்

தீவில் அவருக்குக் கிடைத்தது ஒரு மரக்கொட்டகைப் பள்ளி. அவரும் இன்னோர் ஆசிரியையும் சேர்ந்து 132 பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். செப்டிமாவின் மாதச் சம்பளம் 35 டாலர். அருகிலேயே வெள்ளையர் பிள்ளைகளுக்கான பள்ளி இருந்தது. அங்கே மூன்று மாணவர், ஓர் ஆசிரியர், அவருக்குச் சம்பளம் 85 டாலர்.

பாடநூல் பற்றாக்குறை. இருந்த நூல்களும் தீவுப் பிள்ளைகளின் வாழ்க்கைக்குத் தொடர்பில்லாதவை. அந்தப் பிள்ளைகள் பேசியது கலா எனப்படும் மொழி. ஆப்பிரிக்க மொழிகளும் ஆங்கிலமும் கலந்து உருவானது. செப்டிமா என்ன செய்தார்? சலவைக் கடையில் துணிகளைப் போட்டுத் தரும் பெரிய காகிதப் பைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டார். பிள்ளைகள் தங்களைச் சுற்றியுள்ள மரங்களைப் பற்றியும் ஆற்றைப் பற்றியும் விலங்குகளைப் பற்றியும் சொல்லச் சொல்ல, அதை அந்தப் பைகளில் எழுதினார். அவர்களுடைய சொந்தக் கதையே அவர்களுடைய பாடநூலாகியது.

இதைப் படித்தபோது நம் பழைய தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் என் நினைவுக்கு வந்தன. அங்கும் ஓர் ஆசிரியர் பல வகுப்புகளை ஒரே கூரையின் கீழ் நடத்திய காலம் உண்டல்லவா?

பகலில் பிள்ளைகளுக்குக் கற்பித்தவரை இரவில் பெரியவர்கள் தேடி வந்தனர். தீவின் ஆண்கள் சிலர் சங்கம் ஒன்றில் உறுப்பினர்கள். அங்கே மேடையேறிப் பேச வேண்டும். அதற்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். செப்டிமா அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். வளர்ந்தோருக்குக் கற்பிப்பது பிள்ளைகளுக்குக் கற்பிப்பது போன்றதன்று என்பதை அந்த இரவுகளிலேயே அவர் உணர்ந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பெரியவர் ஒருவர் படிக்க வருகிறார் என்றால் அவருக்கு ஏதோ ஒரு தேவை இருக்கிறது. அந்தத் தேவையைக் கண்டுபிடிப்பவரே அவருக்கு ஆசிரியராக முடியும்.

கற்றுக்கொண்டே இருந்தவர்

1919 இல் செப்டிமா சார்ல்ஸ்டன் திரும்பி, தாம் படித்த ஏவரியிலேயே ஆசிரியர் ஆனார். கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தில் உறுப்பினராகவும் சேர்ந்தார். நகரின் அரசுப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களை அமர்த்த வேண்டும் என்று அச்சங்கம் கையெழுத்து வேட்டை நடத்தியது. செப்டிமா தம் மாணவர்களையும் அழைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றார். 1920 இல் அந்தக் கோரிக்கை வென்றது.

சொந்த வாழ்க்கை அவ்வளவு இனிமையாக அமையவில்லை. 1920 இல் கடற்படையில் சமையற்காரராக இருந்த நேரி கிளார்க்கை மணந்தார். முதல் குழந்தை பிறந்து சில வாரங்களிலேயே இறந்தது. 1925 இல் மகன் பிறந்தான். அதே ஆண்டில் கணவர் சிறுநீரக நோயால் காலமானார். ஆசிரியை சம்பளத்தில் பிள்ளையை உடன் வைத்து வளர்க்க இயலாமல், கணவரின் பெற்றோரிடம் விட்டுவிட்டு உழைத்தார். ஒரு தாய்க்கு அது எத்தகைய வேதனை என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1929 இல் மாநிலத் தலைநகரான கொலம்பியாவுக்குப் பணி மாறினார். அங்கு 18 ஆண்டுகள். இந்த ஆண்டுகளைத்தான் நான் மீண்டும் மீண்டும் படித்தேன். 1930 இல் கோடை விடுமுறையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் கேட்டார். 1937 இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் அறிஞர் டு போய்சிடம் பயின்றார். பகலில் பணியும் மற்ற நேரத்தில் படிப்புமாக, 1942 இல் பெனடிக்ட் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்றார்; அப்போது அவருக்கு வயது 44. 1946 இல் ஹாம்ப்டன் கல்வி நிலையத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். இன்று நாம் பணித்திறன் மேம்பாடு என்று சொல்கிறோமே, அதை யாரும் கட்டாயப்படுத்தாமல், யாரும் செலவு கொடுக்காமல், தம் விடுமுறைகளை விற்று வாங்கியவர் அவர்.

அதே காலத்தில், மாநிலத்தில் எழுத்தறிவு இயக்கத்தை நடத்திய வில் லூ கிரே என்ற கல்வியாளரோடு இணைந்து, கேம்ப் ஜாக்சன் முகாமில் இருந்த கறுப்பினப் படைவீரர்களுக்குக் கையெழுத்திடக் கற்பித்தார். அட்டையில் பெயரை வெட்டிக் கொடுத்து, அந்தப் பள்ளத்தின் மீது பென்சிலால் பலமுறை ஓட்டச் செய்து, கைக்குப் பழக்கமாக்கும் முறையை அவர் பின்னாளில் தம் பயிற்சிகளில் பெரிதும் பயன்படுத்தினார். ஏர் பிடித்துக் காய்த்த கைகளுக்குப் பென்சில் பிடிப்பதே முதல் பாடம்.

கறுப்பின ஆசிரியருக்கும் வெள்ளை ஆசிரியருக்கும் சம ஊதியம் கோரிய வழக்கு 1945 இல் கொலம்பியாவில் நடந்தது. செப்டிமா அதற்குத் துணை நின்றார். வழக்கு வென்றது. 1947 இல் நோயுற்ற தாயைக் கவனிக்க மீண்டும் சார்ல்ஸ்டன் வந்தார்.

726 கடிதங்கள்

இனி நான் சொல்லப்போவதுதான் அவர் வாழ்வின் திருப்புமுனை.

1954 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் இனவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது சட்டத்திற்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. தென் மாநில அரசுகள் சீறி எழுந்தன. 1956 இல் தென் கரோலினா ஒரு சட்டம் கொண்டுவந்தது: கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர் எவரும் அரசு வேலையில் இருக்க முடியாது. பல ஆசிரியர்கள் தம் உறுப்பியத்தை மறைத்தனர், சிலர் விலகினர். செப்டிமா மறைக்கவில்லை. வேலை போனது. 40 ஆண்டுப் பணி, வயது 58, ஓய்வூதியமும் இல்லை.

இந்தச் சட்டத்தை எதிர்க்கும்படி கேட்டு, மாநிலத்தின் கறுப்பின ஆசிரியர்களுக்கு அவர் கையொப்பமிட்டு 726 கடிதங்கள் அனுப்பினார். பதில் எழுதியவர்கள் 26 பேர். பேச வந்தவர்கள் 11 பேர். அதிகாரியைச் சந்திக்க அவரோடு கடைசிவரை சென்றவர்கள் 5 பேர். அவர் சார்ந்திருந்த பெண் பட்டதாரிகள் சங்கம் அவரைப் பாராட்டி விருந்து வைத்தது. ஆனால், அவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. வேலை போய்விடுமோ என்ற அச்சம்!

நம்மில் ஒருவராக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? கோழைகள் என்று திட்டியிருப்போம். நம் இனமே இப்படித்தான் என்று சலித்துக்கொண்டு ஒதுங்கியிருப்போம். செப்டிமாவும் முதலில் மனம் நொந்தார். ஆனால், பிறகு அவர் வந்தடைந்த முடிவு வேறு. அந்த ஆசிரியர்கள் ஆயத்தமாக இல்லாத ஒன்றுக்குள் தாம் அவர்களைத் தள்ளிவிட முயன்றதாகவும், அதைத் தம் வாழ்வின் தோல்விகளுள் ஒன்றாகக் கருதுவதாகவும் பின்னாளில் எழுதினார். மக்களைக் குறை சொல்வதைவிட அவர்களுக்குப் பயிற்சி அளிப்பதே தம் வேலை என்று அன்று தீர்மானித்தார்.

இதுதான் என்னைக் கவர்ந்த இடம். ஓர் ஆசிரியர் தன் தோல்வியை மாணவர் மீது சுமத்தாமல், தன் பயிற்றுமுறையின் மீது சுமத்திப் பார்க்கிறார். பயிற்சி என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இருக்க முடியுமா?

ஹைலண்டர் பட்டறைகள்

வேலை இழந்தவரை வரவேற்றது டென்னசி மாநில மலைப்பகுதியில் இருந்த ஹைலண்டர் மக்கள் பள்ளி. டென்மார்க்கின் மக்கள் உயர்நிலைப் பள்ளிகளை நேரில் கண்டு வந்த மைல்ஸ் ஹார்ட்டன் என்பவர், 1932 இல் நண்பரோடு சேர்ந்து தொடங்கியது அது. தொழிலாளர்களும் விவசாயிகளும் சில நாட்கள் தங்கி, தங்கள் சிக்கல்களைத் தாங்களே பேசித் தீர்வு காணும் இடம். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ட இடம். அக்காலத் தென் மாநிலங்களில் இது பெரும் புரட்சி.

செப்டிமா 1954 இலேயே அங்கு ஒரு பட்டறையில் பங்கேற்றிருந்தார். 1955 கோடையில் அவர் நடத்திய பட்டறைக்கு மாண்ட்கோமரி நகரிலிருந்து அமைதியான தையற்காரப் பெண்மணி ஒருவர் வந்தார். அவர்தான் ரோசா பார்க்ஸ். சில மாதங்களில், டிசம்பர் 1 ஆம் நாள், பேருந்தில் எழுந்து இடம்கொடுக்க மறுத்து அவர் கைதானார். 1956 இல் ஹைலண்டர் செப்டிமாவைப் பட்டறைகளின் இயக்குநராக அமர்த்தியது.

அங்கிருந்த வழக்கம் ஒன்றை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டறை முடியும் நாளில் ஒவ்வொருவரும், ஊர் திரும்பியதும் தாம் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். சான்றிதழ் வாங்கிக்கொண்டு படம் எடுத்துக் கலைந்து செல்லும் பட்டறைகளையே கண்டு பழகிய எனக்கு இது புதிதாக இருந்தது.

மளிகைக்கடையின் பின்னறையில்

ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பவர் வாழ்ந்தார். சிறுவயதில் செப்டிமாவிடம் படித்தவர். தீவு மக்களைச் சார்ல்ஸ்டனுக்கு வேலைக்கு ஏற்றிச் செல்லும் பேருந்தை ஓட்டினார். அன்றைய தென் கரோலினாவில் வாக்காளராகப் பதிய விரும்புபவர், மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை அதிகாரி முன் படித்துக் காட்ட வேண்டும். எழுத்தறிவற்ற கறுப்பின மக்களை வெளியே நிறுத்துவதற்கான தந்திரம் இது. பேருந்து ஓடும்போதே ஈசா அந்தப் பகுதியைப் பயணிகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். அலிஸ் வைன் என்ற பெண்மணி அதைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டார். ஆனால், அவருக்கு அது போதவில்லை. உண்மையிலேயே படிக்கக் கற்க வேண்டும் என்று கேட்டார். அந்த வேண்டுகோளிலிருந்துதான் குடியுரிமைப் பள்ளி பிறந்தது.

ஹைலண்டர் 1,500 டாலர் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. தீவு மக்கள் ஒரு கட்டடத்தை வாங்கினர். முன்பக்கம் மளிகைக்கடை, பின்பக்கம் இரண்டு அறைகளில் வகுப்பு. வெளியிலிருந்து பார்க்கும் வெள்ளையருக்கு அது வெறும் கடை.

சரி, யாரை ஆசிரியராக அமர்த்துவது? இங்கேதான் செப்டிமாவின் கூர்மை வெளிப்படுகிறது. பட்டமும் சான்றிதழும் பெற்ற ஆசிரியரை அவர் தேடவில்லை. அத்தகையோர் அரசு சம்பளத்தை நம்பியவர்கள். 726 கடிதங்கள் கற்றுக்கொடுத்த பாடத்தை அவர் மறக்கவில்லை. மேலும், பள்ளி ஆசிரியர்கள் பெரியவர்களையும் பிள்ளைகளைப் போல நடத்திவிடக்கூடும். அவர் தேர்ந்தெடுத்தது தம் உறவினரான பெர்னிஸ் ராபின்சனை. அவர் சிகையலங்காரத் தொழில் செய்பவர், துணியும் தைப்பவர். இடைநிலைப்பள்ளிப் படிப்புதான். வாடிக்கையாளர் அனைவரும் கறுப்பினத்தவர் என்பதால், எந்த அதிகாரியும் அவர் பிழைப்பில் கைவைக்க முடியாது. தாம் ஆசிரியர் இல்லையே என்று பெர்னிஸ் தயங்கினார். அவருக்கு மக்கள் பேச்சைப் பொறுமையாகக் கேட்கத் தெரியும் என்பதே செப்டிமாவுக்குப் போதுமான தகுதியாக இருந்தது.

1957 ஜனவரி 7 ஆம் நாள் முதல் வகுப்பு. வந்தவர்கள் 14 பேர். பெர்னிஸ் தொடக்கப்பள்ளிப் பாடங்களைக் கொண்டுபோயிருந்தார். வந்திருந்த பெரியவர்களைப் பார்த்ததும், இது இவர்களுக்கு ஏற்றதல்ல என்று உடனே புரிந்துகொண்டார். அவற்றை ஒதுக்கிவிட்டு, நீங்கள் என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார். தங்கள் பெயரை எழுத வேண்டும், பைபிளும் செய்தித்தாளும் படிக்க வேண்டும், மணியார்டர் பாரம் நிரப்ப வேண்டும், தபால்வழிப் பொருள் வாங்கும் படிவத்தை எழுத வேண்டும், வாக்காளராகப் பதிய வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதே பாடத்திட்டம் ஆயிற்று. சுவரில் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரகடனத்தை மாட்டிவைத்து, வகுப்புகள் முடியும்போது எல்லாரும் அதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று இலக்கு வைத்தார். எழுத்து தெரியாதவர்களுக்கு எவ்வளவு உயர்ந்த இலக்கு!

அந்த வகுப்பில் 65 வயது மூதாட்டி ஒருவர் இருந்தார். ஒருநாள் கரும்பலகையில் எழுதப்பட்டிருந்த பல பெயர்களுக்கிடையே தம் பெயரைத் தாமே கண்டுகொண்டு, எழுந்து சென்று சுட்டிக்காட்டினார். அந்தக் காட்சி பெர்னிஸை மெய்சிலிர்க்க வைத்தது. வகுப்பில் பயின்றவர்கள் பலர் வாக்காளராகப் பதிந்தனர். செய்தி பரவியது. அண்டைத் தீவுகளான வாட்மலா, எடிஸ்டோ ஆகியவற்றிலும் வகுப்புகள் தொடங்கின.

ஐந்து நாளில் ஓர் ஆசிரியர்

ஒரு வகுப்பு வெற்றி பெறுவது வேறு. அதைத் தென் மாநிலங்கள் முழுவதும் கொண்டு செல்வது வேறு. அதற்கு ஆயிரக்கணக்கான பெர்னிஸ்கள் வேண்டும்.

இதற்கிடையில் அரசு சும்மா இருக்கவில்லை. 1959 ஜூலை 31 ஆம் நாள் இரவு டென்னசி காவல்துறையினர் ஹைலண்டருக்குள் புகுந்தனர். மது வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டி, மதுவைத் தொடாத செப்டிமாவைக் கைது செய்தனர். 1961 இல் பள்ளியின் உரிமமே பறிக்கப்பட்டது. ஆயினும், வகுப்புத் திட்டம் அதற்குமுன்பே பாதுகாக்கப்பட்டுவிட்டது. மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான தென் மாநிலக் கிறிஸ்தவத் தலைமைத்துவ மாநாடு என்ற அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. ஃபீல்டு அறக்கட்டளை நிதி வழங்கியது. ஜார்ஜியா மாநிலத்தின் மெக்கிண்டாஷ் என்ற சிற்றூரில் உள்ள டார்செஸ்டர் நிலையம் பயிற்சி இடமாயிற்று. செப்டிமா, டாரத்தி காட்டன், ஆண்ட்ரூ யங் ஆகிய மூவரும் பொறுப்பேற்றனர்.

ஆட்களைத் தேடி மூவரும் காரில் தென் மாநிலங்களைச் சுற்றினர். தேவைப்பட்ட தகுதிகள் இரண்டே: உரக்கப் படிக்கத் தெரிய வேண்டும், கரும்பலகையில் தெளிவாக எழுதத் தெரிய வேண்டும். மற்றதைப் பயிற்சி பார்த்துக்கொள்ளும். விவசாயிகள், வீட்டு வேலைக்காரப் பெண்கள், சிகையலங்காரத் தொழிலாளர், போதகர் என்று பல தரப்பினரும் பேருந்தேறி வந்தனர். பயிற்சி ஐந்து நாள்.

அந்த ஐந்து நாளில் என்ன நடந்தது? அரசியல் சட்டம் என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வார்கள். முதலில் அதன் எழுத்துகள். பிறகு அதன் பொருள் பற்றி ஒரு காலை முழுதும் கலந்துரையாடல். ஒரு சொல்லே எழுத்துப் பாடமாகவும் குடிமைப் பாடமாகவும் ஆகிவிடும். வங்கிக் காசோலையை எப்படி எழுதுவது, தம் மாநிலத்தின் வாக்காளர் பதிவுப் படிவத்தை எப்படி நிரப்புவது என்பன கற்பிக்கப்பட்டன. மாநிலத்துக்கு மாநிலம் பதிவு விதிகள் வேறுபட்டதால், பயிற்சி ஏடுகளும் அதற்கேற்ப மாறின. ஊர் திரும்பியவர்கள் வாரம் இரண்டு இரவு, ஒவ்வோர் இரவும் இரண்டு மணி நேரம், மூன்று மாதங்கள் வகுப்பு நடத்துவார்கள். அதற்காக மாதம் 30 டாலர் செலவுத்தொகை கிடைக்கும். சமையலறைகளிலும் மரத்தடிகளிலும் தேவாலயங்களிலும் வகுப்புகள் நடந்தன.

மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத் தொழிலாளியாக இருந்து பின்னர் நாடறிந்த போராளியாக உயர்ந்த ஃபேனி லூ ஹேமரும் இந்தப் பயிற்சியைப் பெற்றவரே. செப்டிமா தந்த கணக்கின்படி, 1957 முதல் 1970 வரை 897 குடியுரிமைப் பள்ளிகள் நடந்தன. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் சுமார் 10,000 பேர். 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்து, தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. அந்தக் கதவு திறந்தபோது உள்ளே நுழைய மக்கள் ஆயத்தமாக இருந்தார்கள் என்றால், அதில் இந்த மாலை வகுப்புகளுக்குப் பெரும் பங்குண்டு.

பயிற்சிக்குப் பின் என்ன?

வெற்றிக் கதையாக மட்டும் இதை முடித்துவிட்டால், அவர் பட்ட ஆதங்கத்தை மறைத்ததாகிவிடும். ஐந்து நாள் பயிற்சியோடு வேலை முடிந்துவிடாது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ஊர் திரும்பிய ஆசிரியரைப் போய்ப் பார்க்க வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறார் என்று கேட்க வேண்டும். மீண்டும் கைகொடுக்க வேண்டும். ஆனால், ஊர்வலங்களும் மறியல்களும் உச்சத்தில் இருந்த காலம் அது. 1963 இல் அவர் கிங்குக்கு எழுதிய கடிதத்தில், நேரடிப் போராட்டத்தின் கவர்ச்சியால் இளைஞர்கள் கல்விப் பணியைக் கைவிடுகிறார்கள் என்றும், பயிற்சி பெற்றவர்களைத் தொடர்ந்து கவனிப்பார் இல்லை என்றும் வருந்தினார். ஊர்வலம் செய்தித்தாளில் வரும். வாரம் இரண்டு இரவு நடக்கும் வகுப்பு எந்தச் செய்தித்தாளிலும் வராது!

அதேபோல், எல்லா ஊர்வலங்களையும் கிங் ஒருவரே தலைமையேற்று நடத்துவதை விடுத்து, ஊருக்கு ஊர் தலைவர்களை உருவாக்க வேண்டும் என்றும் அவருக்கு எழுதினார். அக்கடிதம் அலுவலகத்தில் வாசிக்கப்பட்டபோது சிலர் சிரித்தார்கள். நிர்வாகக் குழுவில் இடம்பெற்ற பெண் என்பதாலேயே அவர் சொல்லுக்கு மதிப்புக் குறைவாக இருந்தது. குழுவில் இந்த அம்மையாருக்கு என்ன வேலை என்று கேட்டவர்களும் உண்டு. இத்தனைக்கும் கிங்கின் மீது அவர் கொண்ட மரியாதை குறையவில்லை. 1964 இல் கிங் நோபல் பரிசு பெற ஆஸ்லோ சென்றபோது, உடன் சென்றவர்களுள் செப்டிமாவும் ஒருவர்.

இறுதிக் காலம்

1970 இல் அவர் அமைப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1975 இல், எந்தச் சார்ல்ஸ்டன் அவரை வேலையிலிருந்து நீக்கியதோ, அதே சார்ல்ஸ்டன் மாவட்டத்தின் கல்விக் குழுவுக்கு மக்கள் வாக்களித்து அவரை உறுப்பினராக்கினர். அப்போது வயது 77. 1976 இல் மாநில ஆளுநர் அவருடைய ஓய்வூதியத்தைத் திரும்ப வழங்கினார். 1981 இல் நிலுவைச் சம்பளத்திற்கும் வழி பிறந்தது. 1979 இல் அதிபர் கார்ட்டர் விருதளித்துப் பாராட்டினார். 1962 இல் ஒன்றும் 1986 இல் ஒன்றுமாக இரண்டு தன்வரலாறுகள் வெளிவந்தன. இரண்டாவது நூல் அமெரிக்க நூல் விருது பெற்றது. 1987 டிசம்பர் 15 ஆம் நாள், தாம் முதன்முதலில் ஆசிரியப் பணி தொடங்கிய அதே ஜான்ஸ் தீவில், 89 ஆம் வயதில் அவர் காலமானார்.

நமக்கு என்ன?

நண்பர்களே, நம் பல்கலைக்கழக மாணவர்களில் பலர் வார இறுதிகளில் இலவச வகுப்புகள் நடத்தச் செல்கிறார்கள். பட்டம் பெற்றபின் சிலர் விரிவுரையாளராகவோ கைத்தொழில் பயிற்றுநராகவோ ஆகிறார்கள். பாடம் தெரிந்தால் போதும், கற்பித்துவிடலாம் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. செப்டிமாவின் வாழ்க்கை அதை மறுக்கிறது. முதுகலைப் பட்டம் பெற்ற அவரே, ஒரு சிகையலங்காரத் தொழிலாளியிடம் இருந்த கேட்கும் திறனைப் பட்டத்தைவிட உயர்வாக மதித்தார். அதே வேளையில், நல்ல மனம் இருந்தால் மட்டும் போதும் என்றும் விட்டுவிடவில்லை. அந்தத் தொழிலாளிகளை ஐந்து நாள் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்.

பட்டறையில் அவர் பெயரைக் கேட்டதற்குப் பிறகு நான் என் வகுப்பில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். புதிய பிரிவு தொடங்கும் முதல் இரவில் பாடம் நடத்துவதில்லை. ஒவ்வொருவரும் எதற்காக வந்திருக்கிறார், எந்தப் படிவத்தை நிரப்ப முடியாமல் வேறொருவர் கையை எதிர்பார்த்து நிற்கிறார், எந்த வேலையைத் தானே செய்ய விரும்புகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். அந்தத் தாளை வைத்துத்தான் அடுத்த வாரப் பாடத்தை அமைக்கிறேன். இடையில் நின்றுபோகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால், முன்பைவிடக் குறைவு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஓர் அண்ணன், இப்போது புதியவர்களுக்குச் செய்முறை வகுப்பில் துணை நிற்கிறார். அவரை முழுப் பயிற்றுநராக ஆக்குவதே இந்த ஆண்டு என் எண்ணம்.

நம் மன்றத்தின் வார இறுதி வகுப்புகளுக்குச் செல்லும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். புறப்படும் முன் ஒரு நாளாவது ஒன்றாக அமர்ந்து, எப்படிக் கற்பிப்பது என்று பேசிப் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை மீண்டும் கூடி, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று மறைக்காமல் பேசுங்கள். மூத்த மாணவர்கள் அந்தக் கூட்டத்திற்குப் போய்க் கைகொடுங்கள். உங்களிடம் படிப்பவர்களில் ஒருவரையாவது அடுத்த ஆண்டு ஆசிரியராக்குங்கள்.